இடித்தது சிவப்பு வாகனமாம்

லிங்கநகரில் பாக்கியரத்தினம் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பவுசர் பாக்கியம் வீடு என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளையும் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடும். உத்தியோகம் பார்த்த காலம் முழுக்கத் தண்ணீர் பவுசர் ஓட்டிய மனிதர். கிணறெல்லாம் வற்றிக் கிடக்கும் வெயில் காலத்தில் அவருடைய ஹோர்ன் சத்தத்துக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவராத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. தம்பலகாமத்துப் பாதையில் யானை குறுக்கே நின்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, அது விலகும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாராம். அப்படி ஒரு நிதானம்.

நிதானத்தைவிடப் பெரிய பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. பாக்கியம் பொய் சொல்லமாட்டார். ஒருமுறை சந்து ஒன்றுக்குள் பின்னுக்கு எடுக்கும்போது பவுசர் யாருடையதோ மதிலில் உரசிவிட்டது. கண்ட சனம் ஒன்றுமில்லை. மனிதர் நேரே கந்தோருக்குப் போய், "நான்தான் உரசினனான்" என்று நின்றார். "ஏன் காணும் வந்து சொன்னீர்? பேசாமல் விட்டிருந்தால் ஆருக்குத் தெரியும்?" என்று மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். அந்த வருசம் வரவேண்டிய சம்பள உயர்வு நின்றுபோனது. "நிண்டா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சோறு சாப்பிட்டார். இப்படிப்பட்ட ஆளைத்தான் ஒரு காப்புறுதிக் கொம்பனி பொய்க்காரன் ஆக்கப் பார்த்தது. கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும்.

ஓய்வு பெற்ற கையோடு அவர் வாங்கியது ஓர் இளநீல டட்சன் கார். வாங்கும்போதே கிழடு. ஆனால் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். காலையில் எழும்பித் தன் முகத்தைக் கழுவ முதல் காரின் முகத்தைத் துடைப்பார். "இந்தக் கவனத்தில காவாசி என்னில காட்டியிருந்தா நானும் இப்பிடி மினுங்கியிருப்பன்" என்பாள் மனைவி சீதேவி. "நீ ஓட மாட்டியே" என்பார் அவர். பிள்ளைகள் கனடாவிலும் கொழும்பிலும். வீட்டில் மிஞ்சிய இரண்டு பேருக்கும் இந்தக் கார்தான் மூன்றாவது ஆள்.

ஒரு பின்னேரம் சந்தையில் நல்ல சூரை மீன் வாங்கி, டிக்கிக்குள் வைத்துக்கொண்டு கோட்டைப் பக்கத்தால் வந்தார். நடு வீதியில் கொம்பு மான் ஒன்று நின்றது. வீதியில் மாடுபோலத் திரிகிற நம்முடைய ஊர் மான்களைத்தான் தெரியுமே, ஹோர்ன் அடித்தால் திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோடும். பாக்கியரத்தினம் பிரேக் பிடித்தார். பின்னால் வந்த வெள்ளை நிறச் சின்ன லொறி பிடிக்கவில்லை. டமார் என்று ஒரு சத்தம். மான் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல மெல்ல நடந்து போனது.

லொறிக்காரன் குதித்து ஓடிவந்தான். தோப்பூரிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு வந்தவன், பெயர் ஜவ்பர், முப்பத்தைந்து வயது மதிக்கலாம்.

"அல்லாவே! ஐயா, உங்களுக்கு ஒண்டுமில்லையே? என்ட பிழைதான் ஐயா. மானைப் பாத்தன், உங்களைப் பாக்கல்ல."

பிழையை இவ்வளவு நேராக ஒப்புக்கொள்கிற ஆளைப் பாக்கியரத்தினம் தன்னைத் தவிர வேறு எங்கும் கண்டதில்லை. அந்த இடத்திலேயே அவனைப் பிடித்துவிட்டது. பின்பக்கத்து இடது மூலை உள்ளே போயிருந்தது. லைற் கண்ணாடி தூள். டிக்கி மூடி கோணி, திறக்க மறுத்தது. அவ்வளவுதான். ஜவ்பர் தானே திருத்தித் தருவதாகச் சொன்னான், தோப்பூரில் தெரிந்த கராஜ் இருக்கிறது என்றான்.

"விசர்க் கதை கதையாத தம்பி. நீ உழைச்சுத் தின்னுறவன். நான் வருசா வருசம் இன்சூரன்ஸுக்குக் கட்டிறது என்னத்துக்கு? நீ போ, உன்ர நம்பரை மட்டும் தா."

பெரிய மனுசத்தனம் காட்டினார். அந்தப் பெரிய மனுசத்தனத்தை நினைத்துப் பிறகு அவர் எத்தனை தரம் பல்லைக் கடித்தார் என்பது சீதேவிக்குத்தான் தெரியும்.

காப்புறுதி எடுத்துக் கொடுத்தவன் யதுர்சன், சீதேவியின் ஒன்றுவிட்ட அக்காவின் மகன். எடுத்துக் கொடுத்த நாளில் வீட்டுக்கு வந்து, கதிரையில் சாய்ந்திருந்து, உளுந்து வடையை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளிக்கொண்டு, "சித்தப்பா, ஒரு கோல் அடிச்சாக் காணும், ஆள் பறந்து வரும்" என்றவன். இன்றைக்குக் கோல் அடித்தால் மணி அடித்துக்கொண்டே கிடக்கிறது. வடை தின்ற வாய் எங்கே போனதோ! கடைசியில் எடுத்தான்.

"சித்தப்பா, சேதம் பாக்கிற அசெசர் கிண்ணியாவில ஒரு அலுவலா நிக்கிறார். கார் ஓடுமெண்டால் வீட்டை கொண்டு போங்கோ, காலமை வருவார். ஆனா ஒண்டு, அவர் பாக்குமட்டும் ஒண்டிலயும் கை வைக்கப்படாது. டிக்கியை நெம்பித் திறந்திடாதேங்கோ. பிறகு அது நீங்கள் செய்த சேதமெண்டு வந்திடும்."

"உள்ளுக்க மீன் கிடக்கடா."

"கிடக்கட்டும் சித்தப்பா. ஒரு ராத்திரிதானே."

சூரை மீன். ஒரு ராத்திரி. சொல்லுகிறவனுக்கு என்ன, அவன் வீட்டு முற்றத்திலா நிற்கப்போகிறது?

கார் வாசலுக்குள் வந்ததும் சீதேவி நெஞ்சில் கை வைத்தாள். இது கண்ணூறு, வேறொன்றுமில்லை என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டாள். முன்வீட்டு யசோதரா முதல் நாள்தான் மதிலால் எட்டிப் பார்த்து, "உங்கட கார் இன்னும் புதுசு மாதிரியல்லோ இருக்கு அக்கா" என்றவளாம். அந்தக் கண் சும்மா போகுமோ? தேசிக்காய் வெட்டினாள், குங்குமம் தோய்த்தாள், காரைச் சுற்றி வந்து நாலு ரயரிலும் தேய்த்தாள். பிறகு அடிபட்ட மூலைக்கு வந்து, காயம் பட்ட இடமென்று அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். தேசிக்காய்ச் சாற்றில் குங்குமம் கரைந்து, நெளிந்த தகரத்தில் நீளமாக இழுபட்டது. பாக்கியரத்தினம் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை. ஏன் தடுக்க வேண்டும்? அடிபட்டு வந்த வாகனத்துக்குக் கண்ணூறு கழிக்காமல் விடுகிற வீடு எங்கே இருக்கிறது? 'கை வைக்கப்படாது' என்று யதுர்சன் சொன்னதற்குள் இதுவும் அடங்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

காலையில் வருகிறேன் என்ற அசெசர் வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு வந்தான். அதற்குள் டிக்கிக்குள் கிடந்த சூரை தன் வேலையைக் காட்டிவிட்டது. வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கையில் உள்ள பூனைகளெல்லாம் காரின் அடியில் மாநாடு நடத்தின. இலையான் கறுப்பாக மொய்த்தது. இராகுலன் என்று பெயர் சொன்ன அந்தப் பிள்ளை, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி, காதில் செருகியதைக் கழற்றாமலே படலை தாண்டி வந்தது. இரண்டடி வைத்ததும் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது.

"என்ன ஐயா, செத்த நாயோ?"

"உங்கட ஆக்கள்தான் திறக்க வேண்டாமெண்டவை. கிட்ட வந்து பாருங்கோ தம்பி."

கிட்ட வரவில்லை. எட்ட நின்று போனை நீட்டி, சளக் சளக் என்று படம் எடுத்தான். விரலால் ஒருக்கால் தொட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தொடுவதற்குத்தானே ஐயா சம்பளம் தருகிறார்கள்! 'எப்படி நடந்தது?' என்று கேட்டு, பாக்கியரத்தினம் மானில் தொடங்கி வெள்ளை லொறிவரை சொன்னதைப் போனில் தட்டிக்கொண்டு, சீதேவி நீட்டிய பிளேன்ரீயைத் திரும்பியும் பாராமல் பறந்துவிட்டான். அவனுடைய மோட்டார் சைக்கிளின் முன்பக்கத்தில் ஒரு தேசிக்காயும் பச்சை மிளகாயும் கம்பியில் கோத்துத் தொங்கின. இதைச் சீதேவிதான் பார்த்தாள்.

அவன் போனதும் அலவாங்கு போட்டு டிக்கியை நெம்பி, மீனைத் தென்னையடியில் குழி தோண்டித் தாட்டு, காரை உள்ளும் புறமும் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்கள். நாற்றமும் போனது, குங்குமமும் போனது.

பிறகு காத்திருப்பு. அனுமதி வராமல், நெளிவு எடுக்கிற ரிங்கர்காரர் தகரத்தில் கை வைக்கமாட்டார். உடைந்த லைற்றுக்கு சொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு இளநீல டட்சன் முற்றத்தில் நின்றது. அதைத் துடைக்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை. யதுர்சனுக்கு எடுத்தால், "போயிட்டுது சித்தப்பா, கொழும்பில இருக்கு" என்பான். கொழும்பில் இருக்கிறதாம். கோணேசரைவிடப் பெரிய சாமி கொழும்பில் குடியிருக்கிறது போலத்தான் அவனுடைய கதை.

வந்தது கடிதம். ஆங்கிலத்தில் ஒரு தாள், தமிழ் என்ற பெயரில் இன்னொரு தாள். கரடுமுரடாக அடித்திருந்த அந்தத் தமிழில் ஒரு வசனம் மட்டும் நன்றாக விளங்கியது. அவர் சொன்னதற்கும் சேதத்துக்கும் பொருத்தமில்லை, ஆகவே இது பொய்யான கோரிக்கை என்று சந்தேகிக்கிறார்கள். தக்க விளக்கம் தராவிட்டால் காப்புறுதி நிறுத்தப்படும், அவருடைய பெயர் மற்றக் கொம்பனிகளுக்கும் அறிவிக்கப்படும்.

'பொய்யான' என்ற சொல்லில் அவருடைய கண் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அதே சொல்தான் இருந்தது.

"காசு வேண்டாம், மசிர் வேண்டாம்" என்று கத்தினார். சீதேவி திடுக்கிட்டுப் போனாள். அந்த மனிதர் வாயில் அப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதில்லை. "என்னைப் பொய்க்காரன் எண்டு எழுதியிருக்கிறாங்கள். அதை அழிச்சுப்போட்டுத்தான் வேற வேலை."

பட்டினத்தில் மாடி வீடொன்றில் கொம்பனியின் கிளை. உள்ளே போனால் குளிர் எலும்பைப் பிடிக்கும். நெற்றியில் அழகாகக் குங்குமம் வைத்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். சோபனா என்று மேசையில் பெயர் எழுதியிருந்தது. அவள் கொம்பியூட்டரைத் திருப்பிப் படத்தைக் காட்டினாள்.

"நீங்க வெள்ளை லொறி எண்டு சொல்லியிருக்கிறீங்க ஐயா. இஞ்ச பாருங்கோ, இடிபட்ட இடத்தில சிவப்புப் பெயின்ற். அப்ப இடிச்சது சிவப்பு வாகனமெண்டு கொழும்பில முடிவெடுத்திருக்கினம்."

பாக்கியரத்தினம் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா, இவ்வளவுதானா!

"பிள்ளை, இது பெயின்ற் இல்லை. குங்குமம். மனுசி கண்ணூறு கழிச்சவ."

சோபனா படத்துக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "ஓம் ஐயா, குங்குமம்தான். தேசிக்காய்க் கொட்டையும் ஒண்டு ஒட்டிக்கொண்டு இருக்கு."

"அப்ப எழுதுங்கோவன், குங்குமமெண்டு."

அவளுடைய சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. "அது எப்பிடி ஐயா எழுதுறது? சிஸ்டத்தில அப்பிடி ஒண்டும் இல்லையே."

"உங்கட நெத்தியில இருக்கிறது என்ன பிள்ளை? அதை என்னெண்டு எழுதுவியள்?"

அவள் நெற்றியைத் தொட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், அவளில் கோபிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தரும்படி கேட்டாள். எழுதிக் கொடுத்தார். மனைவி என்ன செய்தாள், ஏன் செய்தாள், பிறகு ஏன் கழுவினாள், எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினார்.

வந்த பதிலைக் கேளுங்கள். பரிசோதனைக்கு முன்னர் சேதமடைந்த பகுதியில் வேண்டுமென்றே நிறப்பொருள் பூசியதாக அவரே ஒப்புக்கொண்டுள்ளாராம். அது சான்றைக் குழப்பும் செயலாம். சீ! என்ன மனிதர்களப்பா! முதல் கடிதத்தில் சந்தேகம், இரண்டாம் கடிதத்தில் குற்றம். உள்ளதைச் சொல்லச் சொல்ல அவர் கள்ளனாகிக்கொண்டு போனார். அதை எழுதிய துரை தன் வாகனத்துக்குத் தேசிக்காய் வெட்டாமல்தான் கொழும்பில் ஓடித் திரிகிறார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஜவ்பருக்கு எடுத்து விசயத்தைச் சொன்னார். அவன் ஒரு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு, லொறியோடு தோப்பூரிலிருந்து வந்து இறங்கினான். "வாங்க ஐயா, நான் வந்து சொல்றன். இடிச்சவன் வந்து சொன்னா முடிஞ்சுதானே?" என்றான். பாக்கியரத்தினமும் அப்படித்தான் நினைத்தார்.

கிளை மனேஜர் கழுத்துப்பட்டி கட்டிய ஆள். ஜன்னலால் கீழே நின்ற லொறியைப் பார்த்தார். கொம்பியூட்டரில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களும் ஐயாவும் எவ்வளவு காலமாப் பழக்கம்?"

"பழக்கமா? நான் இவருக்கு இடிச்ச அண்டைக்குத்தான் சேர் முதல் முதல் கண்ட."

"உங்கட லொறி வெள்ளை. படத்தில சிவப்பு. நீங்க இடிக்காத காரை ஏன் இடிச்சதாச் சொல்றீங்க?"

ஜவ்பர் மேசைக்குக் கிட்ட வந்தான். "இடிச்சவன் இடிச்சன் எண்டு சொல்ல இன்னும் என்ன செய்யோணும் சேர்? கீழ வாங்க, திரும்ப ஒருக்கா இடிச்சுக் காட்டுறன்."

மனேஜர் சிரிக்கவில்லை. எழுதித் தரச் சொன்னார். ஜவ்பர் கதிரையின் நுனியில் இருந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். தன் பெயர், தோப்பூர் விலாசம், அடையாள அட்டை நம்பர், லொறி நம்பர் எல்லாம் போட்டு, நான்தான் இடித்தேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தான். படி இறங்கும்போது, "பயப்படாதீங்க ஐயா, ரெண்டு பேர் சொல்றம்தானே" என்றான். பாக்கியரத்தினத்துக்கு அவனுடைய கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடித்தார்.

ஒன்றும் அசையவில்லை. அசைந்தது ஒழுங்கையின் வாய்தான். யதுர்சன் எங்கேயோ போய் எதையோ உளறியிருக்க வேண்டும், அந்த வாய்க்கு ஒரு பூட்டு இல்லை. பவுசர் பாக்கியம் காப்புறுதிக் காசு எடுக்கிறதுக்குக் காரில் சிவப்புப் பூசினவராம் என்று கதை கிளம்பிவிட்டது. சீதேவி படலைக்கு வெளியே போவதை விட்டாள். "என்ர கையாலதானே எல்லாம்" என்று குசினிக்குள் இருந்து மூக்கைச் சிந்தினாள். அவளைத் தேற்றவும் ஏலாமல், தன்னைத் தேற்றவும் ஏலாமல் மனிதர் முற்றத்தில் நடந்தார்.

அந்த நேரம் பார்த்து யதுர்சன் வந்தான். வடைக்குக் கூப்பிடாமலே வந்தான் என்பதால் விசயம் பெரிது என்று விளங்கியது.

"சித்தப்பா, மனேஜரோட கதைச்சனான். ஒரு வழி இருக்கு. ஒரேயொரு வசனம். 'பதற்றத்தில் பிழையாகச் சொல்லிவிட்டேன், இடித்துவிட்டு நிற்காமல் போனது ஒரு சிவப்பு வாகனம்.' இதை எழுதிக் கையெழுத்து வையுங்கோ. படமும் கதையும் பொருந்தும். உங்கட பேர் துப்பரவாகும்."

"இல்லாத வாகனத்தை இருக்கெண்டு எழுதட்டோ?"

"இல்லாத வாகனம்தானே? ஆருக்கு நட்டம்? ஜவ்பருக்கும் பொலிஸ் கிலிஸ் எண்டு ஒரு கரைச்சலும் வராது."

"எழும்படா கதிரையை விட்டு!"

அவன் எழும்பி ஓடினான். அவன் வைத்துவிட்டுப் போன வெற்றுத் தாளைச் சீதேவி எடுத்து மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். கிழிக்கவில்லை. அவர் அதைக் கண்டும் காணாதவர்போல இருந்தார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனார். பூசை முடிந்து விபூதி வாங்க வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற ஒருவர் முதுகில் தட்டினார். தெரிந்த ஆள்தான். ஒரு காலத்தில் இவருடைய பவுசருக்குப் பின்னால் வாளியோடு ஓடிய ஆள்.

"பாக்கியண்ணை, குங்குமத்தை முழுக்க எடுத்துப்போடாதேங்கோ. எங்கட காருக்கும் கொஞ்சம் தேவைப்படும்."

வரிசை சிரித்தது. ஐயர்கூடக் குனிந்துகொண்டு சிரித்தார். பாக்கியரத்தினம் விபூதி வாங்காமல் திரும்பி வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் காது எரிந்தது. வாழ்நாள் முழுக்க நேராக நடந்து சேர்த்த பெயரை இந்த ஊர் ஒரு பகிடிக்கு விற்றுவிட்டதே என்று நெஞ்சு கொதித்தது. வந்ததும் வராததுமாக, "அந்தத் தாளை எடு" என்றார். சீதேவி எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு வசனம்தான். எழுத ஒரு வெற்றிலை போடுகிற நேரமும் செல்லவில்லை.

கொண்டுபோய்க் கொடுத்தபோது சோபனா வாசித்துவிட்டு நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் அதை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். மனேஜர் தன்னுடைய அறையை விட்டு எழும்பியே வந்தார். முதல் தடவையாகக் கை கொடுத்தார்.

"பாத்தீங்களா ஐயா, உண்மையைச் சொன்னா நாங்க ஏன் மறுக்கப்போறம்? இதை முதலே சொல்லியிருந்தா உங்களுக்கும் அலைச்சல் இல்லை. அந்த லொறிக்காரன்ட கதையை நாங்க அப்பவே நம்பேல்லை."

அந்த மனிதருடைய கை குளிர்ந்து வழுவழுவென்று இருந்தது. கடைசியாகச் சொன்னது பாக்கியரத்தினத்தின் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. அந்தக் குளிருக்குள் இருந்து வெளியே போனால் போதும் என்று இருந்தது. படி இறங்கி, வீதிக் கரையில் நின்று காறித் துப்பினார்.

மெய்தான், கொம்பனி சொன்ன சொல் தவறவில்லை. அனுமதி வந்தது. கூடவே கடிதமும் வந்தது. அவருடைய விளக்கம் திருப்தியளிக்கிறதாம், சந்தேகம் நீக்கப்பட்டதாம், மதிப்புக்குரிய வாடிக்கையாளராம். சீதேவி அந்தக் கடிதத்தை யசோதராவுக்குக் காட்டினாள், யசோதரா ஒழுங்கைக்குச் சொன்னாள். "எங்களுக்குத் தெரியாதே, பவுசர் பாக்கியம் அப்பிடி ஆளோ?" என்று அதே ஒழுங்கை அதே வாயால் சொன்னது. ரிங்கர்காரர் தகரத்தைத் தட்டி நிமிர்த்தினார். டட்சன் பழையபடி மினுங்கியது. ஊர் மறந்துவிட்டது. அவர் காலையில் காரைத் துடைக்கும்போது அந்த மூலையை மட்டும் வேகமாகத் துடைத்தார்.

ஜவ்பர் ஒரு நாள் பின்னேரம் வந்தான். கையில் புது அரிசி ஒரு பை. கார் நின்ற கோலத்தைக் கண்டதும் அவனுடைய முகம் முழுக்கச் சிரிப்பு.

"திருத்திட்டீங்க! நான் அங்க நிண்டு கண்டுட்டன் ஐயா. நம்பிட்டாங்கதானே? நான் வீட்டிலயும் சொன்ன, ரெண்டு பேர் உண்மையைச் சொன்னா எப்பிடி நம்பாம விடுவாங்க எண்டு."

பாக்கியரத்தினம் அவனைக் கதிரையில் இருத்தினார். குசினி வாசலில் நின்ற சீதேவி, சொல்ல வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். 'ஓம் தம்பி, நம்பிட்டாங்கள்' என்றால் முடிந்தது. அவன் அரிசியைத் தந்துவிட்டுச் சந்தோசமாகப் போய்விடுவான். அவரால் அது ஏலவில்லை. கொம்பனிக்குப் பொய் சொன்ன வாய் இவனுக்குச் சொல்ல மறுத்தது. தாளில் எழுதியதைச் சொன்னார். சிவப்பு வாகனத்தைச் சொன்னார். மனேஜர் கை கொடுத்ததையும் சொன்னார்.

ஜவ்பர் கேட்டுக்கொண்டிருந்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. காரின் பின் மூலையைப் பார்த்தான், பிறகு தன்னுடைய கையைப் பார்த்தான்.

"அப்ப நான் எழுதிக் குடுத்தது ஐயா?"

பாக்கியரத்தினம் அரிசிப் பையைப் பார்த்தார்.

"பேர், விலாசம், அடையாள அட்டை நம்பர் எல்லாம் போட்டுக் கையெழுத்து வச்சுக் குடுத்தனே. இடிச்சது நான் இல்லையெண்டு நீங்க எழுதினா, இப்ப அவங்கட கணக்கில பொய் சொன்னவன் நான்தானா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். அவன் விளங்காமல், உண்மையாகவே விளங்கிக்கொள்வதற்காகக் கேட்டான். பாக்கியரத்தினத்துக்கு அப்போதுதான் முழுக்க விளங்கியது. தன்னுடைய பெயரைக் கழுவிய தண்ணீரை எடுத்து இந்தப் பிள்ளையின் தலையில் ஊற்றியிருக்கிறார். இல்லாத வாகனம், ஆருக்கு நட்டம் என்று கேட்டானே யதுர்சன், அந்தப் படுபாவி!

சீதேவி தேநீர் கொண்டுவந்தாள். மரியாதைக்காக ஜவ்பர் வாங்கிக் குடித்தான்.

"தம்பி, நாளைக்கே போறன். நான் எழுதினது பொய், நீ எழுதினதுதான் உண்மையெண்டு சொல்லிப்போட்டு வாறன். என்ன வந்தாலும் வரட்டும்."

ஜவ்பர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினான்.

"விடுங்க ஐயா. இனி நீங்க சொன்னா அவங்க நம்பமாட்டாங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அரிசிப் பையைக் கதிரையோடு சாய்த்து வைத்துவிட்டு, சீதேவியிடம் போய்வருவதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போனான். வெள்ளை லொறி ஒழுங்கையால் திரும்பிப் போகும்வரை பாக்கியரத்தினம் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நாளும் அவருக்கு அந்தக் கொம்பனியை நினைத்தால்தான் அருவருக்கும். இப்போது தன் வாயை நினைக்கவே அருவருப்பாக இருந்தது.